வெளியே போன கரண்ட்

லிங்கராஜபுரத்தில் மிக்சி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லோருக்கும் யூனிஸைத் தெரியும். பொருளைக் கொடுத்துவிட்டு, சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போகிற ஆள் இல்லை அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவாள். மூடியைக் கழற்றியதும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது என்ன, கறுப்பா? இது தேஞ்சா மோட்டார் ஏன் நின்னுடுது?" என்று தொடங்குவாள். சிலர் பொறுமையாகச் சொல்வார்கள். சிலர், "அம்மா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்பார்கள். டீ குடித்துவிட்டு வந்தும் கேட்பாள்.

வேலை செய்த இடத்தில் வந்த குணம் இது. கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, தூரவாணி நகரில் டெலிபோன் செய்கிற தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஈயம் வைத்தவள் அவள். பச்சைப் பலகையின் ஓட்டைகளில் சின்னச் சின்னக் கம்பிக் கால்களை நுழைத்து, சூட்டுக்கோலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ஈயம். பலகைக்கு நூற்றுப் பன்னிரண்டு சொட்டு. அது எங்கே போய் எதற்குள் உட்காரும், அதில் எது எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவரும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் நாராயணசாமியிடம் ஒருமுறை கேட்டாள். "உன் வேலை ஈயம் வைக்கிறதும்மா. மத்தது மேல இருக்கிறவங்க பாத்துப்பாங்க" என்றார். அந்தப் பதில் அவளுக்குச் செரிக்கவே இல்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு, கையில் கிடைத்ததை எல்லாம் திறந்து பார்க்கத் தொடங்கினாள்.

அவள் கணவர் டிரேவருக்கு அந்த ஆர்வமெல்லாம் கிடையாது. வேலை செய்தால் சரி என்பார். சுரங்கம் மூடும்வரை பூமிக்குள் இறங்கி ஏறியவர். மூடிய பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஒரு கிரானைட் பாலீஷ் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் நின்றார். இரண்டு இடத்துத் தூசியும் நெஞ்சில் தங்கிவிட்டது. அவருக்கு அறுபத்தைந்து வயதானபோது டாக்டர், தினம் பதினாறு மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. இடுப்பளவு உயரம், அடியில் சக்கரம். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மூக்கில் மாட்டிய குழாய்க்கு அனுப்பும். கரண்ட் இருக்கும்வரை ஓடும். கரண்ட் போனால் ஓட்டம் நின்று, கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

அதனால்தான் ஜெனரேட்டர் வாங்கினார்கள். சிவப்பு நிறம், பெட்ரோலில் ஓடுவது, கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். மாட்டிக் கொடுக்க வந்த எலெக்ட்ரிஷன் ஒரு வயர் செய்து தந்தார். சாதாரண வயருக்கு ஒரு முனையில்தான் பிளக் இருக்கும். இதற்கு இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, மறுமுனையைச் சமையலறைச் சுவரில் இருக்கிற பாயின்ட்டில் சொருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும், ஃபேன் சுற்றும்.

"மெயினை மட்டும் இறக்கிட்டு ஓட்டுங்கம்மா" என்றார் அவர்.

"ஏன் இறக்கணும்?"

"ஓடிட்டு இருக்கும்போது தெருக் கரண்ட் வந்தா ரெண்டும் மோதிக்கும். ஜெனரேட்டர் எரிஞ்சி போயிடும்."

அவர் சொன்னது பாதிதான். மீதி அவருக்கே தெரியுமோ என்னவோ. யூனிஸும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அபூர்வமான கேள்விகளில் அது ஒன்று.

போன மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்றும் மழையும் அடித்தது. தெருமுனையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து இரண்டு கம்பங்களை இழுத்துக்கொண்டு விழுந்தது. அடுத்த தெருவிலும் மரம், அதற்கடுத்த தெருவிலும் மரம். ஊரெல்லாம் இதே கதையாக இருந்ததால், மின்சார ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் எடுக்கவே ஆள் இல்லை. எடுத்தபோது, "நாளைக்கு மேல ஆகும்" என்றார்கள்.

மகள் ஹெலன் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அப்பாவக் கூட்டிட்டு இங்க வந்துடுங்க. எங்க அபார்ட்மென்ட்ல பெரிய ஜெனரேட்டர் இருக்கு, லிஃப்ட்கூட ஓடுது."

"வழியெல்லாம் தண்ணி நிக்குதுன்றாங்க. நடு ரோட்ல வண்டி நின்னுட்டா சிலிண்டர் எத்தனை நேரம் வரும்? இங்கயே பாத்துக்கிறேன்" என்றாள் யூனிஸ்.

மெயினை இறக்கினாள். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஜெனரேட்டரை வைத்துக் கயிற்றை இழுத்தாள். மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கியது. மணிக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று பார்க்க, டேங்குக்குள் ஒரு ஐஸ்கிரீம் குச்சியை விட்டு ஈர மட்டத்தில் பேனாவால் கோடு போட்டாள். அயர்ன்பாக்ஸ் போட்டால் ஜெனரேட்டரின் சத்தம் எப்படி மாறுகிறது, ஃபிரிஜ் கிளம்பும்போது எப்படி மாறுகிறது என்று காதால் பழகினாள். ஃபிரிஜுக்கு ஒரு விக்கல். அயர்ன்பாக்ஸுக்கு நீளமான முனகல். டிரேவர் கட்டிலில் சாய்ந்தபடி, "கரண்ட் போனதுல உனக்கு ஒரே சந்தோஷம்" என்றார்.

புதன்கிழமை காலையில் அவருக்குத் தலை கனத்தது. விரலில் மாட்டுகிற கிளிப்பை வைத்துப் பார்த்தாள். ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து காட்டியது, அவருக்கு அது நல்ல நம்பர்.

"நம்பர் நல்லா இருக்கேங்க."

"நம்பரை விடு யூனிஸ். சுரங்கத்துல டீசல் இன்ஜின் பக்கத்துல நின்னுட்டு மேல வர்ற அன்னிக்கு இப்படித்தான் இருக்கும். வாந்தி வர்ற மாதிரி."

யூனிஸ் மெஷினைப் பார்த்தாள். காற்றை உறிஞ்சுகிற அதன் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் ஜெனரேட்டர். அறைக் காற்றைத்தானே இது இழுக்கிறது, அறைக்குள் புகை வந்தால் அதையும்தானே இழுக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே ஜெனரேட்டரை நிறுத்தி, அவரைச் சிலிண்டருக்கு மாற்றி, கைத்தாங்கலாக முன்வாசலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, ஜெனரேட்டரைக் கேட்டுக்கு வெளியே, எந்த ஜன்னலும் இல்லாத பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள். அன்றே காட்டச் சொன்னார். ஆட்டோவில் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், பயப்படும்படி இல்லை என்றார்கள். புகையில் இருக்கிற விஷ வாயுவையும் அந்தக் கிளிப் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, யூனிஸ் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல நம்பர் காட்டிய கருவி பொய் சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை மூன்றாவது நாள். அன்று காலை அவளுக்கு வேறொரு கேள்வி வந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, மெயின் இறங்கி இருக்கிறது. இப்போது தெருவில் கரண்ட் வந்துவிட்டால் தனக்கு எப்படித் தெரியும்? பகலில் தெருவிளக்கும் எரியாது. வந்தது தெரியாமல் நாள் முழுக்க பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கலாமே. பத்தே கால் மணிக்கு மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிஷம் ஏற்றிப் பார்த்தால் என்ன? கரண்ட் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகாது. வந்திருந்தால் ஜெனரேட்டர் சத்தத்திலேயே காட்டிக் கொடுக்கும், எரிந்து போவதற்குள் இறக்கிவிடலாம். அதன் சத்தம்தான் அவளுக்கு அத்துபடியாகிவிட்டதே.

ஏற்றினாள்.

மோதவில்லை, வெடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஜெனரேட்டரின் குரல் மட்டும் கனத்தது. விக்கல் இல்லை, முனகலும் இல்லை. ஏதோ மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் மூச்சு விடுவதுபோல இருந்தது. இந்தச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்குள் புதிதாக எதுவும் ஓடவில்லையே, இது எதைச் சுமக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றபோதே பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வீணா எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கரண்ட் வந்திடிச்சு. எங்க ஃபேன் சுத்துது. கொஞ்சம் மெதுவாத்தான் சுத்துது."

அப்படியானால் வந்துவிட்டது. டிரேவரிடம், "ஒரு நிமிஷங்க, மெஷின் கத்தும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு யூனிஸ் வெளியே போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். உள்ளே மெஷின் கத்தியது. அவள் வீட்டு ஃபேன் நின்றது.

மேலே வீணா, "போயிடிச்சு ஆன்ட்டி" என்றாள்.

யூனிஸ் மாடியை அண்ணாந்து பார்த்தாள். நான் என் ஜெனரேட்டரை நிறுத்தினால் அவள் வீட்டு ஃபேன் ஏன் நிற்க வேண்டும்? பதில் உடனே வந்துவிட்டது. வீணா வீட்டு ஃபேனைச் சுற்ற வைத்ததே இந்த ஜெனரேட்டர்தான். திரும்பித் தெருவைப் பார்த்தாள். நாலு வீடு தள்ளியிருந்த கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் அவசர அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தார். மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்ததையே அவள் கவனித்திருக்கவில்லை.

ஓடிப்போய் முதலில் மெயினை இறக்கினாள். சமையலறையில் அந்த இரட்டைப் பிளக் வயரைப் பிடுங்கினாள். டிரேவருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு வாசலுக்கு வரும்போது அந்த லைன்மேன் ஒவ்வொரு கேட்டாக நின்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"யார் மனேல ஜெனரேட்டர் ஓடிச்சு? யார் வீட்ல?"

மூன்று வீட்டில் தெரியாது என்றார்கள். சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே ஜெனரேட்டர் இருப்பதை மட்டும் வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இதெல்லாம் யூனிஸின் மனதில் ஓடாமல் இல்லை. ஆனால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எங்க வீட்லதான் தம்பி. நான்தான் மெயினை ஏத்திட்டேன்."

அவர் சட்டையில் மஞ்சுநாத் என்று பெயர் குத்தியிருந்தது. நாற்பது வயது இருக்கும். கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் நீர் கொடுங்கம்மா" என்றார். படியில் உட்கார்ந்தார். சொம்பைக் கொடுத்ததும் நிறுத்தாமல் முழுக்கக் குடித்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஆஃப் பண்ணியாச்சு. ஃபியூஸ் என் பாக்கெட்ல இருக்கு" என்று பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "ஏறும்போது டெஸ்ட் பண்ணேன், ஒண்ணும் இல்ல. கைய வைக்கிறதுக்கு முன்னாடி எதுக்கும் இன்னொரு தடவ டெஸ்டர் வச்சேன். லைட் எரியுது. எல்லாம் கட் பண்ண லைன்ல லைட் எரியுது. எங்கேந்து வருதுன்னே தெரியல."

யூனிஸ் எதிர்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வந்தாள். அது உண்மைதான் என்றாலும் வாயில் வந்தது வேறு.

"தம்பி, கரண்ட் வெளியேந்து உள்ளதானே வரும்? உள்ளேந்து எப்படி வெளிய போச்சு?"

மஞ்சுநாத் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வியா என்பதுபோல. ஆனால் அவள் முகத்தில் சாக்குச் சொல்கிற பாவனை இல்லை.

"வயருக்கு உள்ளே வெளியேன்னு தெரியாதும்மா. எந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் போகும். இங்க மரம் விழுந்து லைன் கட்டாயிடுச்சில்ல, அதனால உங்க ஜெனரேட்டர் இந்த ஆறு வீட்டுக்குத்தான் போச்சு. கட்டாகாம, ஃபியூஸும் எடுக்காம இருந்திருந்தா, தெருவையே சுமக்க முடியாம ஜெனரேட்டர் நின்னு போயிருக்கும். ஆனா நிக்கிறதுக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போயிருக்கும்."

"அங்க போய்?"

"அது பெரிய கரண்ட்டச் சின்னதாக்கி நமக்கு அனுப்புது இல்லியா? இந்தப் பக்கத்துலேந்து சின்னதைக் கொடுத்தா, அதையே அந்தப் பக்கம் பெருசாக்கி அனுப்பும். நீங்க இருநூத்து முப்பது வோல்ட் கொடுத்தீங்கன்னா அந்தப் பக்கம் பதினோராயிரம் வோல்ட். அங்க எங்க ஆளு யாராவது ஏறி இருப்பான்."

பதினோராயிரம். கேட்டுக்கு வெளியே நிற்கிற, கயிறு இழுத்துக் கிளப்புகிற அந்தச் சிவப்புப் பெட்டியை யூனிஸ் பார்த்தாள். எலெக்ட்ரிஷன் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். அந்த வயரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு பிளக்கையும் பார்த்துவிட்டு, "இத சாவு வயர்னு சொல்வோம்" என்றார். "மெயின் இறங்கி இருந்தாக்கூட இது தப்பு. ஒரு முனை சுவத்துலேந்து கழண்டு விழுந்தா, அந்தப் பின்ல கரண்ட் இருக்கும். தொட்டவன் போயிடுவான்." சொல்லிக்கொண்டே இடுப்பில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்து நடுவில் நறுக்கினார்.

உள்ளேயிருந்து டிரேவர் குழாயோடு வாசல்வரை வந்து நின்றார். மஞ்சுநாத் அந்தக் குழாயையும் சிலிண்டரையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்தது. "ஐயாவுக்கா? சரி, வெயிட் பண்ணுங்க." ஜெனரேட்டரிலிருந்து நேராக மெஷினுக்கே வரும்படி ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்தார். வீட்டு வயரிங்கோடு அது எங்கேயும் சேரவில்லை. "கரண்ட் வர்ற வரைக்கும் இதுக்கு மட்டும் ஓட்டுங்க. விளக்கு, ஃபேனு எதுவும் வேணாம்."

கிளம்பும்போது அவளிடம் செல்போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புகார் எழுதத்தான் என்று அவள் நினைத்தாள். அன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "கரண்ட் கொடுத்துட்டோம்மா. ஐயா எப்படி இருக்காரு?"

அடுத்த வாரம் லைசென்ஸ் வைத்திருக்கிற வேறொரு எலெக்ட்ரிஷன் வந்து மெயினுக்குப் பக்கத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்தார். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் தெருக் கரண்ட், மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டையும் சேர்க்க நினைத்தாலும் சேராது. யூனிஸ் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் மூடியைப் பூட்டுமுன், உள்ளே கத்திபோல இருக்கிற செம்புத் தகடு எந்தப் பக்கம் எதைத் தொடுகிறது என்று திருப்பிக் காட்டச் சொன்னாள். பிறகு வியாழக்கிழமைக் கேள்வியைக் கேட்டாள்: தெருக் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? அவர் சிரித்துவிட்டு, ஸ்விட்ச்சுக்கு முன்னாலேயே தெருக் கரண்ட்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கை மாட்டினார். அது எரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு சின்ன விஷயம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று காலை மெயினுக்கு முன்னால் நின்றபோது இந்த விளக்கு மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

ஆனால் மற்ற வீடுகளில்? இந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீணாவைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தமிழ் வீட்டில் அவள் பேசினாள், கன்னட வீட்டில் வீணா. "நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், கேளுங்க" என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் ஆரம்பித்தாள். தன் தப்பைச் சொல்லாமல் போயிருந்தால் பாதிப் பேர் கதவையே திறந்திருக்க மாட்டார்கள். இரண்டு தெருவில் பதினோரு ஜெனரேட்டர் இருந்தன. அதில் நான்கு வீட்டில் அதே இரட்டைப் பிளக் வயர். மளிகைக் கடை முகேஷ் மட்டும், "எனக்கு எல்லாம் தெரியும் அக்கா, பத்து வருஷமா ஓட்டுறேன்" என்றார்.

"நல்லதாப் போச்சு. எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள் யூனிஸ்.

அவர் காட்டத் தொடங்கினார். பாதியில் அவருக்கே குழப்பம் வந்து வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று வீட்டாரைப் போலவே மறுநாள் அவரும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்துக்கொண்டார்.

பதினோரு வீட்டுப் பெயரையும் கம்ப நம்பரையும் எழுதி யூனிஸ் மஞ்சுநாத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவரிடமிருந்து ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை மறுபடி மழை, மறுபடி கரண்ட் போனது. யூனிஸ் கைப்பிடியைத் திருப்பி, கேட்டுக்கு வெளியே ஜெனரேட்டரைக் கிளப்பி, டிரேவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"யூனிஸ் அம்மா, உங்க தெருக் கம்பத்துல ஏறப் போறேன். லைன் எல்லாம் செக் பண்ணிட்டேன். இருந்தாலும் உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"அஞ்சு நிமிஷம் இருங்க தம்பி."

குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான்கு வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான்கிலும் உள்ளே போய்க் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாள். முகேஷ் கேட்காமலேயே வழிவிட்டார். திரும்பி வரும்போது மஞ்சுநாத் கம்பத்தடியில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு நீளமான சங்கிலி தொங்கியது.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள். பிறகு சங்கிலியைப் பார்த்தாள். "இது எதுக்கு தம்பி?"

"எல்லாக் கம்பியையும் சேத்துப் பூமியோட கட்டறதுக்கும்மா. தப்பித் தவறி எங்கேந்தாவது வந்தா நேரா மண்ணுக்குப் போயிடும்."

"மண்ணுக்குப் போய் அப்புறம் எங்க போகும்?"

மஞ்சுநாத் ஏணியில் ஒரு காலை வைத்தபடி யோசித்தார். "இறங்கி வந்து சொல்றேன், இருங்க" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. யூனிஸ் குடையை மடக்காமல் அங்கேயே நின்றாள்.